கலயமும் பேரிக்காயும்

பதநீர்க் கலயத்தைக் கல்லால் அடித்து உடைத்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் உடைத்திருக்கிறேன்.

1963, பங்குனி மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. தபசுகாலத்து வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து ஐந்து பையன்கள் தேரிக்காட்டு வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. பனையேறுகிற மாமா சாயங்கால ஏற்றம் முடித்து, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயங்களைக் கட்டிவிட்டு இறங்கிப் போயிருந்தார். ராத்திரி முழுக்க அதில் சொட்டும். விடிகாலையில் வந்து இறக்குவார். எங்களில் ஒருவனிடம் உண்டிவில் இருந்தது. முதல் கல் யாருடையது என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது என்னுடையது. கலயம் உடைகிற சத்தம் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் முறை வைத்து அடித்தோம். ஆறோ ஏழோ உடைந்தது.

இதில் நான் விளங்கிக்கொள்ள முடியாத விஷயம் ஒன்று உண்டு. எங்களுக்குப் பதநீர் வேண்டியிருக்கவில்லை. காலையில் போய் நின்றால் மாமாவே பட்டை பிடித்து ஊற்றித் தருவார், காசு கேட்கமாட்டார். அவர் மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேன். மரத்தடியில் குத்த வைத்து உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏல, பாத்துப் போ, கால்ல குத்திராம" என்றார். அவ்வளவுதான். யாரையும் அவர் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னது, அம்மா பேச்சைக் கேட்காதது, பூசையில் பராக்குப் பார்த்தது, எல்லாம் சொன்னேன். கலயத்தைச் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதைப் பத்துக் கட்டளையில் எதன் கீழே சொல்வது என்று தெரியவில்லை. களவு என்றால் எதையும் எடுக்கவில்லை. கோபம் என்றால் கோபம் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய புத்தகக் கடையில் புனித அகுஸ்தீனாரின் 'கன்ஃபெஷன்ஸ்' இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒன்று நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. ரயில் தபாலில் முப்பத்தாறு வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்தவனுக்கு ராத்திரியில் தூக்கம் எங்கே வரும்? விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் அதிகாரத்தில் என் கலயம் கிடந்தது.

அகுஸ்தீனார் பிறந்தது 354இல், தகாஸ்தே என்ற சிறிய ஊரில். இன்றைய அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்று பெயர். பதினாறாவது வயதில் ஒரு வருஷம் படிப்பில்லாமல் வீட்டில் இருந்தார். மேல்படிப்புக்குக் கார்த்தேஜ் நகரத்துக்கு அனுப்ப அப்பா பணம் புரட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம். காய் பார்க்கவும் நன்றாக இல்லை, தின்னவும் நன்றாக இல்லை. அதைவிட நல்ல காய் தன்னிடமே நிறைய இருந்தது என்று அவரே எழுதுகிறார். ஒரு ராத்திரி கூட்டாளிகளோடு போய் மரத்தை உலுக்கி, சுமை சுமையாக அள்ளிக்கொண்டு வந்து, ஏதோ ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள்.

இதை எழுதும்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, ஹிப்போ நகரத்து ஆயர். வாலிபத்தில் இதைவிடப் பெரிய தவறுகள் செய்திருக்கிறார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் காய் விஷயத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். கொலை செய்கிறவனுக்குக்கூட ஏதோ ஒரு காரணம் இருக்கிறது: சொத்து, பெண், பயம், பழிவாங்கல். எனக்கு என்ன காரணம்? தப்பு என்பதைத் தவிர அதில் வேறு ருசி இல்லையே? தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார். சொல்லிவிட்டு, அதுவும் முழு விடை இல்லை என்று மறுபடி புரட்டுகிறார். ஒரு பேரிக்காய்க்கு இவ்வளவா என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை.

தீமை எங்கிருந்து வருகிறது என்பது அவர் கண்டுபிடித்த கேள்வி இல்லை. கிறிஸ்தவம் தோன்றிய நாளிலிருந்தே அது இருந்தது. உலகத்தைப் படைத்தவர் ஒரே கடவுள், அவர் நல்லவர் என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிஷமே கேள்வி வாசலில் வந்து நிற்கும். கருங்கடல் கரையிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியோன் என்ற கப்பல் முதலாளி இரண்டு கடவுள் என்று சொல்லித் தப்பித்தார்: உலகத்தைப் படைத்து நீதி செலுத்துகிறவர் ஒருவர், இயேசு காட்டிய அன்பான தகப்பன் வேறொருவர். 144இல் ரோம் சபை அவரை வெளியேற்றியது. லியோன் நகரத்து ஆயர் இரேனேயு, 180 வாக்கில், வேறு மாதிரி சொன்னார். ஆதாமும் ஏவாளும் வளர்ந்த ஆட்கள் இல்லை, குழந்தைகள் மாதிரி இருந்தார்கள், அதனால்தான் சுலபமாக ஏமாந்தார்கள், மனுஷ குலத்தைக் கடவுள் மெதுவாக வளர்த்து ஆளாக்குகிறார் என்று. எனக்கு இது பிடித்திருக்கிறது. அலெக்சாந்திரியாவின் ஓரிஜன், ஆத்துமாக்கள் உடம்புக்கு வருமுன்னே கடவுளின் சூட்டிலிருந்து விலகி ஆறிப்போயின என்றார். ஆத்துமாவுக்கான கிரேக்கச் சொல்லையே குளிர்தல் என்ற சொல்லோடு சேர்த்துக் காட்டினார். அழகான எண்ணம். பிற்காலத்தில் அவர் பெயரில் 553இல் கண்டனம் வந்து சேர்ந்தது.

அகுஸ்தீனாரோ பத்தொன்பது வயதில் மானி மார்க்கத்தில் போய்ச் சேர்ந்தார். மானி மூன்றாம் நூற்றாண்டில் மெசப்பத்தோமியாவில் பிறந்தவர், பாரசீக ராஜாவின் சிறையில் செத்தவர். ஒளி, இருள் என்று ஆதியிலிருந்தே இரண்டு ராஜ்யங்கள், இரண்டுக்கும் ஓயாத சண்டை, மனுஷனுக்குள் இரண்டும் கலந்து கிடக்கிறது என்பது அவர் போதனை. அத்திப்பழத்தைப் பறித்தால் பழமும் மரமும் பாலாய்க் கண்ணீர் விடும் என்றுகூட அவர்கள் நம்பினார்கள். காய் திருடிப் பன்றிக்குப் போட்ட பையன் மூன்று வருஷத்தில் அங்கே போய் நின்றதை நினைத்துப் பாருங்கள்! ஒன்பது வருஷம் அதில் இருந்தார். ஏன் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். பாவம் செய்தது நான் அல்ல, எனக்குள் இருக்கிற வேறு ஏதோ ஒன்று என்று சொல்லிக்கொள்வது சுகமாக இருந்ததாம். அந்த நினைப்பில் பெருமையும் இருந்ததாம்.

நானும் அறுபது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்டிவில் வைத்திருந்தவன் வேறொருவன், முதல் கல் வேறொருவன், சின்னப் பிள்ளை விளையாட்டு, சகவாச தோஷம்.

384இல் மிலான் நகரத்துக்கு வாத்தியாராகப் போன இடத்தில் அவருக்குப் பிளேட்டோ வழி வந்தவர்களின் நூல்கள் கிடைத்தன, அம்புரோசு ஆயரின் பிரசங்கமும் கிடைத்தது. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. தீமை என்பது ஒரு பொருளே இல்லை. புண் என்பது உடம்பில் தனியாகக் குடியிருக்கும் ஆள் இல்லை. ஆரோக்கியம் அந்த இடத்தில் இல்லாமல் போனதற்குப் பெயர்தான் புண். ஆறினால் அது வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்வதில்லை, இல்லாமல் போய்விடுகிறது. தீமையும் அப்படித்தான் என்றார். அப்படியென்றால் நல்லதாகப் படைக்கப்பட்ட மனசு ஏன் கெட்டதை நாடியது? அதற்குக் காரணம் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயற்சி செய்வது மாதிரி என்று 'கடவுளின் நகரம்' நூலில் எழுதுகிறார். முதலில் இது நழுவல் மாதிரி தோன்றியது. கலயத்தை வைத்துப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை, ஆனால் கை என்னுடையது. நான் செய்தேன் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இதோடு அகுஸ்தீனார் நிறுத்தியிருந்தால் நானும் இதோடு நிறுத்தியிருப்பேன்.

1960இல் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. ராத்திரி பிறந்தது, சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. மருத்துவச்சி கிறிஸ்தவள் இல்லை. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். எங்கள் ஆச்சிக்கு அது தெரியாதா, பதற்றத்தில் மறந்துவிட்டாளா, தெரியாது. உபதேசியாரைக் கூட்டிவர ஓடினாள். வாசலில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்கக்கூடாது என்றார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, மேற்கு மூலையில் புதைத்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போனார்கள். மணி அடிக்கவில்லை. அந்தப் பிள்ளை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்ற இடத்தில் வேதனை இல்லாமல் இருக்கும், ஆனால் கடவுள் முகத்தைப் பார்க்காது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அம்மா ஆச்சியோடு ஒரு வருஷத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அம்மா ஒரு வர்த்தியைத் தனியாக எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வெளியே போவாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். "அது என்னல பாவம் பண்ணிச்சு? பால்கூட குடிக்கல்லியே" என்றாள். என்னிடம் கேட்டாளா என்று தெரியாது. நான் பேசாமல் நின்றேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் எங்கே கிளம்பியது என்று தேடிப் போனால் அது மறுபடியும் பேரிக்காய்த் திருடரிடமே கொண்டுபோய் விட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தைக்குப் பாவம் உண்டா என்பதில் ஆதிச் சபைக்கு ஒரே வாய் இருக்கவில்லை. 200 வாக்கில் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன், குற்றமறியாத வயசுக்காரர்களைப் பாவமன்னிப்புக்கு ஏன் அவசரப்படுத்துகிறீர்கள், வளர்ந்து வரட்டும் என்று எழுதினார். அதே கார்த்தேஜில் ஐம்பது வருஷம் கழித்துச் சிப்பிரியான் ஆயர், எட்டாம் நாள்வரைகூடக் காக்கவேண்டாம், பிள்ளைக்குச் சொந்தப் பாவம் இல்லாவிட்டாலும் ஆதாமின் வழியில் வந்தது இருக்கிறது என்றார். இரண்டு பேச்சும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

பிறகு பெலாஜியுஸ் வந்தார். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. 410இல் கோத்தியர்கள் ரோமைச் சூறையாடிய சமயத்தில் அகதியாக ஆப்பிரிக்காவுக்கு வந்து, பிறகு பாலஸ்தீனத்துக்குப் போனார். பாவம் செய்யாமல் இருக்க மனுஷனால் முடியும், கடவுள் கட்டளை கொடுத்தாரென்றால் முடியும் என்பதால்தானே கொடுத்தார் என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் முடியாமல் விழுந்துபோகிறவனுக்கு அந்தக் கட்சியில் இடம் குறைவு. உண்டிவில் எடுத்த கையைப் பற்றி அகுஸ்தீனாருக்குத் தெரிந்த அளவு பெலாஜியுசுக்குத் தெரியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. 418இல் கார்த்தேஜ் சங்கம் அந்தக் கட்சியைக் கண்டித்தது.

அந்த வழக்கை வாதாடிய வேகத்தில்தான் அகுஸ்தீனார் நெடுந்தூரம் போனார். ஆதாமுக்குள் நாம் எல்லோரும் இருந்தோம், அவன் செய்தது நாம் செய்தது, ஆகவே பிறக்கும்போதே குற்றவாளி. ரோமருக்கு எழுதின நிருபம் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தை அவர் பெரிதும் நம்பினார். கிரேக்க மூலத்தில் எல்லோரும் பாவம் செய்ததால் மரணம் எல்லோருக்கும் வந்தது என்று பொருள்படுகிற இடம், அவர் கையிலிருந்த லத்தீனில் அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று வாசிக்கும்படி இருந்தது. பள்ளியில் கிரேக்கம் படிக்க வெறுப்பாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் அவர் கட்டடம் நிற்கவில்லைதான். ஆனாலும் அந்த வாத்தியார் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்!

எதிராளி ஒருவர் அவரை விடவில்லை. தெற்கு இத்தாலியில் எக்லானும் ஊரின் ஆயர் யூலியான். கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துப் பதவியை இழந்து நாடு நாடாகச் சுற்றியவர். அவருடைய அப்பாவும் ஆயர், அகுஸ்தீனாருக்கு வேண்டியவர். யூலியான் கேட்ட கேள்வி அம்மாவின் கேள்வியேதான். பிள்ளை பாவம் செய்யவில்லை, பெற்றவர்கள் கல்யாணம் செய்தது பாவம் இல்லை, படைத்தவர் பாவம் செய்யவில்லை. இத்தனை நல்லதுக்கு நடுவில் எந்தச் சந்து வழியாகப் பாவம் நுழைந்தது? உங்கள் கடவுள் பிறந்த பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவர் அல்லவா? நீர் இன்னும் மானியின் ஆள்தான் என்று முகத்துக்கு நேரே எழுதினார். அகுஸ்தீனார் சாகும்வரை அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். 430 ஆகஸ்டு 28ஆம் தேதி, வாண்டல்கள் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது இறந்தார். யூலியானுக்கான பதில் முடியாமல் கிடந்தது.

தானே செய்ததை வேறொன்றின் தலையில் போட மறுத்தவர், வேறொருவன் செய்ததை ஒரு நாள் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டார். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே இலேசான தண்டனைதான் என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் தண்டனை என்ற சொல்லை எடுக்கவில்லை. வேதனை இல்லாத லிம்போ என்பது பல நூற்றாண்டு கழித்து மத்திய கால ஆசிரியர்கள் அவர் கடுமையைத் தணிக்கக் கட்டிய இடம். நாங்கள் வகுப்பில் படித்தது அந்தத் தணித்த பதிப்பு. அதற்கே அம்மா அப்படி இருந்தாள்.

ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்லவேண்டும். 415இல் பெத்லகேமில் இருந்த எரோணிமுசுக்கு ஆத்துமா எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் குழந்தைகளுக்கு வரும் தண்டனை என்ற இடத்துக்கு வந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது, என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை, நம்புங்கள் என்கிறார். செத்த பிறகு உள்ளது மட்டும் இல்லை, இங்கே நம் கண் முன்னால் வியாதியில் துடிக்கிற பிள்ளைகளையும் சொல்கிறார். அவருக்கும் ஒரே ஒரு மகன் இருந்தான், அதெயோதாத்துஸ். கல்யாணமாகாமல் கூட வாழ்ந்த பெண்ணுக்குப் பிறந்தவன். 387 ஈஸ்டரில் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு மூன்று வருஷத்தில், வாலிபத்திலேயே, செத்துப்போனான். அந்தக் கடிதத்தைப் படித்த ராத்திரி அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

அம்மா 1996இல் போய்விட்டாள். 2007இல் ரோமாபுரியில் சர்வதேச இறையியல் குழு, போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு, ஓர் அறிக்கை வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் மோட்சம் சேருவார்கள் என்று நம்பிக்கை வைக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன என்றும், லிம்போ என்பது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை என்றும் அது சொல்கிறது. செய்தியைப் பேப்பரில் பார்த்து வெட்டி வைத்தேன். தங்கைக்குப் போன் போட்டு வாசித்தேன். "அப்போ அம்மாகிட்ட ஏன்ண்ணே அப்படிச் சொன்னாங்க?" என்றாள்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று மேற்குச் சுவரை இடித்து இருபதடி தள்ளிக் கட்டியிருந்தார்கள். மூலை உள்ளே வந்துவிட்டது. யாரும் யோசித்துச் செய்ததில்லை, இட நெருக்கடிதான்.

போன நவம்பரில் நானும் தங்கையும் போயிருந்தோம். உடைமரத்தடி என்று அவள் சொல்கிறாள். நான் பழைய சுவரின் அஸ்திவாரக் கல் தெரிகிற இடத்துக்குப் பக்கம் என்கிறேன். அவளுக்கு அப்போது நான்கு வயது, அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "அம்மா கூட நெறைய வருசம் போனது நாந்தானே" என்றாள். அது உண்மை. நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. உடைமரத்தடியில் கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினோம். இரண்டு தடவை அணைந்து மூன்றாவது தடவை நின்றது.